சந்திரமதியின் சீதனக் காணி

தம்பி தயாபரனைச் சண்டை நடக்கும் பருத்தித்துறையிலிருந்து உயிரோடு வெளியே எடுக்கச் சந்திரமதிக்கு ஒரே வழிதான் இருந்தது: தன் சீதனக் காணியை விற்பது. வாங்க ஆள் இருந்தது. தம்பியைக் கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றிவிட ஏஜென்சிக்காரனும் தயார். ஊர் நொத்தாரிசு மட்டும் விற்பனை உறுதிப் பத்திரம் எழுத மறுத்தார். புருஷனின் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம்.

புருஷன் தில்லைநாதன் சுவிஸின் பேர்ண் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். அவனுடைய அடி தாங்காமல் சந்திரமதி முந்திய ஆண்டே பக்கத்து ஊரான ஓஸ்டர்முண்டிகனுக்குப் போய்விட்டாள். அங்கே தோழி யூலியானாவின் அறையில் தங்கி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தாள்.

யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் 1707இல் ஊர் வழக்கங்களை எழுதுவித்து, தேசவழமை என்று சட்டமாக்கினார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதைத் திருத்தியபோதும் இந்தக் கட்டை அவிழ்க்கவில்லை: காணி பெண்ணுக்கு, அதை விற்கும் சம்மதம் கணவனுக்கு. அவன் அநியாயமாக மறுத்தால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். சண்டையில் நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது.

1987 மாசியில் அவள் உணவகத்தின் பின்வாசலில் போய் நின்றாள்.

“ஒரு கையெழுத்துத்தானேயப்பா. தம்பியின்ரை உயிர்.”

“விட்டிட்டு ஓடேக்கை புருஷன் தேவைப்படேல்லை. இப்ப தேவைப்படுதோ?”

“காணி என்ரை அப்பா தந்தது.”

“அப்ப, சட்டம் எழுதின ஒல்லாந்துக்காரனிட்டைப் போய்க் கேளன். ரெயிலிலை ஏறினா ஒரு பகல்தான்.”

கூட வேலை செய்யும் சிறீதரன் உள்ளேயிருந்து சிரித்தான். “அண்ணை, அக்காவுக்கு ரிக்கற் நான் எடுத்துத் தாறன்.”

“வீட்டை வந்து சமைச்சுப் போடு. பிறகு பாப்பம்,” என்றான் தில்லைநாதன்.

யூலியானா தடுத்தாள். “போகாதையடி. அந்தாள் கையெழுத்து வைக்காது.”

“போகாட்டித் தம்பி செத்துப்போவான்.”

போனாள். வேலையை விடச் சொன்னான், விட்டாள். பங்குனியில் கையெழுத்தைக் கேட்டபோது கறியில் உப்பில்லை என்றான். சித்திரையில் மறுபடி கேட்டாள். கன்னத்தில் அறைந்துவிட்டு வேலைக்குப் போனான். சமையலில் உப்பைக் கூட்டிப் பார்த்தாள், பேச்சைக் குறைத்துப் பார்த்தாள்.

வைகாசிக் கடைசியில் பருத்தித்துறை இருக்கும் வடமராட்சியில் பெரும் சண்டை மூண்டது. தயாபரன் ஒளிந்திருந்த வீட்டின் மேல் பீரங்கிச் செல் விழுந்ததில் அவன் செத்துப்போனான். செய்தி யூலியானாவுக்குத்தான் முதலில் கிடைத்தது. பஸ் பிடித்து வந்து அவளே சொன்னாள்.

சந்திரமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தில்லைநாதன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தான்.

“இனிக் காணிக் காசிலை தம்பிக்குச் செலவில்லைத்தானே. கடுதாசியைக் கொண்டா, வைக்கிறன்.”