மரபணுவுக்குள் இருக்கும் மரபு

கல்லூரிக்குப் போகும்போது குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் ணங் ணங் என்று மணி அடிக்கும்; அந்தக் கேட்டை உவமைக்குக் கடன் வாங்கித்தான் இந்தத் தொழிலை நடத்துகிறேன். டாக்டர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வது, புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் என் வேலை. வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட் வந்து, அதைத் தமிழில் சொல்லத் தவித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

இரண்டு கேட் கீப்பர்

மல்லிகாவுக்குச் சேலையூர் கேம்ப் ரோட்டில் இட்லிக் கடை. இடது மார்பில் கட்டி எடுத்திருந்தார்கள். கட்டியை அடக்கி வைக்கும் ஜீன் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். செல் ஒன்று இரண்டாகப் பிரியுமுன், பிழை இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தும் கேட் கீப்பர் அது என்றேன். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒருவர் விழுந்தாலும் மற்றவர் தனியாளாக நின்று காப்பார்.

சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நொடியிலும் உங்களுக்குள் எண்ண முடியாத கேட்டுகள் மூடித் திறக்கின்றன. ஒரு சத்தம் இல்லை. நன்றி சொல்ல நமக்குத் தெரிவதும் இல்லை.

மல்லிகா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு கேட்டு போட்டும் பூந்துகினு வந்துருக்கு பாரு, எங்க வூட்டுக்காரு வண்டி மாதிரியே!"

படிக்க ஆளில்லை

எல்லாக் கட்டியிலும் ஜீன் உடைந்துதான் போகும் என்று நினைத்திருந்தேன். லேபில் இருக்கும் டாக்டர் பெண் திருத்தினாள். சிலருக்கு அது முழுசாகவே இருக்குமாம். ஜீன் மேலே ஏதோ ரசாயனத் துளி ஒட்டிக்கொண்டு அதன் வாயை மூடிவிடுமாம். காவல்காரர் சாகவில்லை, பேச்சுதான் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல மேடம், படிக்கத்தான் ஆளில்ல" என்றாள்.

டாக்டரின் தமிழ்

எங்கள் பெரிய டாக்டர் ஒருநாள் ஆசையாக, தானே தமிழில் பேசினார். "மரபணு கெட்டுப்போச்சும்மா." அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல தமிழ்ச் சொல். மல்லிகா அதை அப்படியே, கேளம்பாக்கத்தில் இருக்கும் சம்பந்தியம்மாவிடம் போனில் ஒப்பித்துவிட்டாள். மகள் ரேவதிக்கு அங்கேதான் நிச்சயம் ஆகியிருந்தது. சொல்லின் தலையிலேயே 'மரபு' உட்கார்ந்திருக்கிறதே! பரம்பரை வியாதி, பெண்ணுக்கும் வரும், கல்யாணம் வேண்டாம் என்று பதில் வந்தது.

மல்லிகா ஓடி வந்தாள். "கட்டிய எட்தாச்சு, முடி போச்சு, அத்தெல்லாம் தாங்கினேன். ஒத்த வார்த்தைல எம்பொண்ணு கல்யாணம் நிக்கிதேக்கா!"

சம்பந்தியம்மா

நேரில் அழைத்து வரச் சொன்னேன். வந்தவர் உட்காரவில்லை. மல்லிகாவின் ரத்தத்தையும் பார்த்தாயிற்று, பரம்பரையாக வரும் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றேன்.

"அப்ப ஜீன் கெட்டுதுன்னு டாக்டர் சொன்னது பொய்யா?"

"நிஜம்தான். கெட்டது மார்பில் ஒரே ஒரு செல்லில். அது பெருகித்தான் கட்டியாச்சு. அவங்க அம்மா கொடுத்ததில்ல. இவங்க மகளுக்குக் கொடுத்ததும் இல்ல."

"பின்ன யாரு குடுத்தது?"

"யாரும் கொடுக்கல. பிறந்ததிலேர்ந்து செல் தன்னைத்தானே பார்த்து எழுதிக்கிட்டே இருக்கு. எங்கேயோ ஒரு பிழை. கேட்டும் மூடல."

"ரேவதிக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"உங்களுக்கே அப்படி எழுதித் தர முடியாதும்மா. பொண்ணாப் பிறந்த யாருக்கும் வரலாம்."

மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மா முந்தானையை மார்போடு இழுத்துப் போர்த்தினார். பிறகு மல்லிகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒருக்கா பாத்துரச் சொல்லு. கல்யாண வேல தலைக்கு மேல கீது, அப்பால நேரம் இருக்காது."

செல்லைவிடச் சொல்தான் வேகமாகப் பரவுகிறது என்பதே இந்தத் தொழிலில் நான் கண்டது. கல்யாணத்தில் மல்லிகா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நோய் திரும்பி வந்து, அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.