சர்வீஸ் லிஃப்டுக்குப் பத்து மார்க்

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒரே ஒரு கேள்விக்காக, அதுவும் பத்து மார்க் கேள்விக்காக.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆங்கில டீச்சராக இருந்தேன். தபால் வழியில் எம்.ஏ. முடித்தால்தான் நிரந்தரம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மற்ற பேப்பரெல்லாம் தாண்டியாயிற்று. மொழி காலத்தோடு மாறுவது பற்றிய பேப்பரில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். இன்னொரு முறை போனால் வேலையும் போய்விடும். பழைய ஆங்கிலப் பத்தி ஒன்றும் இன்றைய பத்தி ஒன்றும் கொடுப்பார்கள். மொழி எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டு எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். பழைய பத்தி, வெள்ளைக்காரத் துரைசானிகளுக்கு வீட்டு நிர்வாகம் சொல்லித்தரும் கையேடு மாதிரி: வேலைக்காரர்கள் பின்வாசல் வழியாகவே வர வேண்டும். புதியது ஓர் அபார்ட்மென்ட் சங்கத்தின் சுற்றறிக்கை: அன்பான குடியிருப்போரே, நம் வீட்டு உதவியாளர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்துமாறு தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா அப்படி ஒரு அபார்ட்மென்டில்தான், ஏழாவது மாடியில் பாத்திரம் தேய்க்கிறாள். வேறென்னத்தை எழுதுவேன்? அதட்டல் போய் அன்பு வந்திருக்கிறது, வேலைக்காரி போய் உதவியாளர் வந்திருக்கிறார், உள்ளே போகும் வழி மட்டும் இன்னும் தனியாகவே இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பத்துக்கு இரண்டு போட்டிருந்தார் வகுப்பெடுத்த சார்.

சண்டைக்கே போய்விட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமானது. விடைக்குறிப்பை எடுத்துக் காட்டினார். பழைய பத்தியில் அதிகாரம், புதிய பத்தியில் மரியாதை, சமத்துவம் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

"நீங்க எழுதினது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா ஆன்சர் கீ-ல இல்லையே. இல்லாததுக்கு எவன் மார்க் போடுவான்?" என்றார்.

நிஜத் தேர்விலும் அதே இரண்டு பத்திகள். கேள்வி வங்கியிலிருந்து அப்படியே உருவிப் போட்டிருந்தார்கள், சோம்பேறிகள். சார் காட்டிய விடைக்குறிப்பு அப்படியே நினைவிருந்தது. மரியாதை என்று எழுதினேன். சமத்துவம் என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். த்தூ.

பாஸ். வேலை நிரந்தரம். ரிசல்ட் வந்த சாயங்காலம் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்குப் போனால், அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சர்வீஸ் லிஃப்ட் மூன்று நாளாக ரிப்பேராம். மற்ற இரண்டு லிஃப்டும் நன்றாகத்தான் ஓடுகின்றனவாம். இவள் ஏழு மாடியும் படியேறிப் போய் வந்திருக்கிறாள்.

மைசூர்பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

"ரெண்டு வாட்டி போன பேப்பராச்சே கண்ணு. இந்த வாட்டி அப்படி என்னாதான் கேட்டாங்க?"

தைலப் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தேன். என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.