தாமஸ் துடைத்த நாற்பத்திரண்டு வரிகள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பிக் கட்டுகளுக்கு, எது என்ன சரக்கு என்று காட்டும் தகரச் சீட்டு கட்டுவது தாமஸின் வேலை. படிப்பு ஒன்பதாவதோடு நின்றாலும் வேலையில் சுத்தம். சீட்டில்லாத கட்டை லாரியில் ஏற விடமாட்டான். பேச்சு மட்டும் எப்போதும் தங்கை கிறிஸ்டினாவைப் பற்றித்தான். "அவளுக்குக் கண்ணு தெரியாது. ஆனா கம்ப்யூட்டர்ல அவதான் தளபதி" என்று கூட வேலை செய்யும் ஹபீபுல்லாவிடம் நாளுக்கு நாலு தடவை சொல்வான்.

பொய்யில்லை. அவள் ஆடுவது, படமே இல்லாமல் எல்லாம் எழுத்தாகவே வரும் விளையாட்டு. வரிகளைக் கணினி வாசித்துச் சொல்லும். அவசரமான வரிகளை அடையாளம் காண அவள் டிரிகர் என்ற கட்டளைகள் எழுதி வைத்திருந்தாள். அப்படி ஒரு வரி வந்தால் காதில் மணி அடிக்கும். ராயபுரத்து வீட்டில் உட்கார்ந்தபடி, அந்த மணியை நம்பிப் பன்னிரண்டு பேரை நடத்தினாள்.

சனிக்கிழமை, டிரிகர் கோப்பைப் புது லேப்டாப்புக்கு மாற்றித் தரச் சொன்னாள். தாமஸ் திறந்து பார்த்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் மூக்கு நீட்டிய அடைப்புக்குறிகள், அவற்றுக்குள் ஏதோ எழுத்துகள். கலீஜாகப் பட்டது. பாவம், கண் தெரியாததால் கவனிக்காமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்து, நாற்பத்திரண்டு வரிகளிலும் ஒன்று விடாமல் துடைத்தான். சொல்லாமல் செய்ததில் பெருமை வேறு.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கிறிஸ்டினா ஆட உட்கார்ந்தாள். தாமஸ் டீயோடு பக்கத்தில். எதிரணிக்காரன் ஒருவன் "கோட்டைக் கதவு உடைந்தது" என்று அரட்டையில் சும்மா தட்டிவிட்டான். மணி அடித்தது. அவள் எல்லோரையும் பின்வாங்கச் சொன்னாள். கதவு உடையவே இல்லை. காவல் இல்லாத கோட்டை ஐந்தே நிமிடத்தில் போனது.

ஸ்பீக்கரில் அவள் அணிக்காரன் அத்னான் கத்தினான். "கண்ணுதான் இல்ல, காதும் பூட்ச்சா? அடுத்த வாட்டி வேற ஆளு நடத்தட்டும்பா."

"என் தப்புதான் மாமு" என்றவள், தனக்குள் முனகினாள். "எப்டி? ஆட்டம் அனுப்புற வரின்னா முன்னாலயும் பின்னாலயும் அடைப்புக்குறில டேக் ஒட்டிக்கினு வரும். எவனோ அடிக்கிற வரில அது வராது. டேக் இருந்தாத்தான் மணி அடிக்கணும்னு வெச்சிருந்தேனே..."

தாமஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தான். நாற்பத்திரண்டு கட்டுகளின் சீட்டையும் அவனே பிய்த்துப் போட்டிருக்கிறான். அதற்கு அவளுக்குக் கண் தெரியாததை வேறு தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

எழுந்து போயிருக்கலாம்; யாரும் கேட்கப் போவதில்லை. அவள் மறுபடி "சாரிப்பா" என்றாள். அவன் மைக் பக்கம் குனிந்தான்.

"தம்பி, நான் அவ அண்ணன். குப்பைன்னு நெனச்சி அந்த டேக்கெல்லாம் நாந்தான் அழிச்சேன். அவளாண்ட ஒரு வார்த்த கேக்கல."

கிறிஸ்டினாவின் விரல்கள் நின்றன. "எத்தினி?"

"நாப்பத்திரண்டு."

"ஒண்ணு கூட வுடலியா?"

"வுடல."

"நீ எங்க வுடுவ" என்றாள். சிரிக்கவில்லை.

அத்னான் தொண்டையைக் கனைத்தான். "சரிண்ணே. கேப்டன் அவதான். நீ மட்டும் அந்தப் பொட்டியத் தொடாத."

திங்கட்கிழமை காலையில் ஹபீபுல்லா கேட்டான்: "இன்னா நைனா, தளபதி ஜெயிச்சிச்சா?"

தாமஸ் நிமிராமல் கம்பியில் சீட்டை இறுக்கினான். "அது ஜெயிச்சிருக்கும். நாந்தான் தோக்க வெச்சேன்."