தொடை வரைக்கும் போதும்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே நடந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் அவளைக் குழந்தைகள் ‘ஸ்கேன் அக்கா’ என்பார்கள். அன்று வந்தது ஆறு வயதுப் பெண் குழந்தை. இருபத்து மூன்று நாளாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. படத்திலும் தெரியாவிட்டால் கையை விரிப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியம் 2:10. ஊசி போட்டாள். நோய் எங்கே இருக்கிறதோ அங்கே அந்த மருந்து சேர்ந்து படத்தில் ஒளிரும். பேசினால் தொண்டையும் ஒளிர்ந்து தொலைக்கும். அதனால் ஒரு மணி நேரம் தனியறையில் வாய் திறக்காமல் படுத்திருக்க வேண்டும். அம்மா வெளியே உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள்.

2:34. கேமராவில் குழந்தையின் உதடு அசைந்தது.

“பாப்பா, பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல,” என்றாள் மைக்கில்.

“நானா பேசல அக்கா... அவன் கேக்கறான். பதில்தான் சொல்றேன்.”

கட்டிலருகே காலி நாற்காலி. வேறு யாருமில்லை... காய்ச்சலில் பிதற்றுகிறது என்று விட்டுவிட்டாள்.

3:15. இயந்திரத்தில் படுக்க வைத்தாள்.

“அக்கா, காலையும் எடுப்பீங்களா?”

“தொடை வரைக்கும் போதும்டா கண்ணு. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“அவன்கிட்டயும் இதையேதான் சொன்னீங்களாம்.”

அவள் இயந்திரத்தின் அளவை மாற்றினாள். பாதம் வரை எடுத்தாள்.

படம் வந்தது. தொண்டை ஒளிர்ந்தது...

இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பில், கடலை அளவு ஒரு புள்ளி.

சீழ்.

மருந்து மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மா ஸ்கேன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“காலை எடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?” டாக்டர் கேட்டார்.

“சும்மா... தோணுச்சு சார்.”

“நாலு வருஷம் முன்னாடி தோணியிருக்கலாம்.”

அவர் போய்விட்டார். அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஆறு வயதுப் பையன். காய்ச்சல். தொடையோடு நின்றுபோன படம். ‘காரணம் தெரியவில்லை.’ படம் எடுத்த பதினோராம் நாள் இறந்திருந்தான். அதற்குப் பிறகு உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் இடது காலெலும்பில் சீழைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

படம் எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

அவன் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள்... இன்றுவரை வரவில்லை.