லீவு நாளில் விழுங்காத மாத்திரை

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நாலு. அதோடு செத்துப்போன கொழுந்தனின் பிள்ளைகள் இரண்டு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்குமேல் வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி சுமதி எழுதுகிறாள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இன்னும் இருக்கிற என் சனங்களுக்கும், என்னோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

கோத்தகிரிக்கு வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. இன்னமும் உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டுதான் பால் ஊற்றாத பிளேன்டீ குடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் அதை நின்று பார்க்கிறாள். போன வருடம் அவளுக்குப் பார்க்க இன்னொன்றும் கிடைத்தது. காலையில் வாசலில் உட்கார்ந்து பிளேடால் மாத்திரையை நறுக்கினேன்.

"ஏனுங்க, அது புத்தி சரியில்லாதவீங்களுக்குக் குடுக்கற மாத்திரைங்களா?"

"ஆமா. உனக்கும் ஒரு துண்டு வேணுமா?" என்றேன்.

மறைக்க என்ன இருக்கிறது? பதினைந்து வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் போனதும் நான் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. மகன் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே கொடுத்த மாத்திரைதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தது. இரண்டு மாதத்தில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன். அந்த மாத்திரையை நான் ஒருநாளும் பழிக்க மாட்டேன்.

ஆனால் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பழைய தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே கலர் தண்ணி மருந்துதான். அதைக் குடித்தால் வேலைக்குப் போக வேண்டும். மருந்து என்றால் வேலை செய்வதற்கு என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போட மாட்டேன். தீபாவளி, பொங்கல் என்று தோட்டம் லீவு விட்டால் மாத்திரைக்கும் லீவு. வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாலு நாள் லீவோடு பொங்கல் வந்தாலே தலை சுற்றும், மண்டைக்குள் சுளீர் சுளீரென்று கரண்டு ஓடும், மருமகள் மேல் எரிந்து விழுவேன். பழைய நோய்தான் எட்டிப் பார்க்கிறது என்று எல்லாரும் பயந்தார்கள். நானும் பயந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி புது டாக்டராக வந்தாள். "நல்லாத்தான் இருக்கேன், வாய் காயுது, பகலெல்லாம் தூக்கம். இதை நிறுத்தணும்" என்றேன்.

"மாத்திரையைத் தெனமும் போடறீங்களாம்மா?"

"லீவு நாளைத் தவிர எல்லா நாளும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "மாத்திரைக்கு யாருங்கம்மா லீவு குடுத்தது?"

பிறகுதான் விளக்கினாள். திடீரென்று விட்டால் உடம்பு தடுமாறும், பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு வந்தது அந்தத் தடுமாற்றமாகத்தான் இருக்கும் என்றாள். முதலில் இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் போடச் சொன்னாள். பொங்கல் வந்தது. சுளீரும் இல்லை, சண்டையும் இல்லை. அதற்குப் பிறகே குறைக்க ஒத்துக்கொண்டாள். எல்லா மாத்திரையையும் உடைக்கக் கூடாதாம், என்னுடையதை உடைக்கலாமாம். எல்லாராலும் விடவும் முடியாதாம். சிலருக்கு ஆயுசுக்கும் வேண்டுமாம், அதில் வெட்கமில்லை என்றாள்.

மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துட்டீங்கன்னா? அன்னிக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்ட நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும் அத்தை." அவள் பயம் நியாயம்தான். மகனோ, விடுவதென்றால் ஒரேயடியாக விட்டுத் தொலை என்றான்.

"ஏன்டா, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறப்போ செடிய மொட்டையா அடிச்சிட்டா வர்றோம்? மூச்சு விட ஒரு கொப்பை எலையோட விடலியா? என்னைய மட்டும் மொட்டையடிக்கப் பாக்குறியா?" என்றேன். புது பிளேடு அவன்தான் வாங்கி வந்தான். மருமகளையே காவலுக்கு வைத்தேன். நான் தூங்குகிறேனா, தின்கிறேனா என்று பார்த்து ஆஸ்பத்திரியில் அவள்தான் சொல்ல வேண்டும்.

முழு மாத்திரையை முக்கால் ஆக்கிச் சில மாதம், முக்காலை அரையாக்கிச் சில மாதம். அரையிலிருந்து கால் ஆக்கியபோது விழுந்தேன். நாலு நாள் தூக்கமில்லை, நடுக்கம், காரணமில்லாத அழுகை. மருமகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் மறுபடி அரைக்கே போகச் சொன்னாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"தோத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"வழுக்கற எடத்துல ஒரு அடி பின்னால வெக்கறதுக்குப் பேரு தோக்கறதாங்கம்மா? மலையில பொழைக்கறவீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அரையில் நின்றேன். பிறகு இன்னும் பொடியாக, இன்னும் மெதுவாகக் குறைத்தோம். மாத்திரை நின்று இப்போது ஐந்து மாதம். தூங்குகிறேன், தின்கிறேன், மருமகளோடு காரணத்தோடு சண்டை போடுகிறேன். நாளைக்கே பழைய இருட்டு வந்தால் யாரும் இழுத்துப்போக வேண்டாம், நானே பஸ் ஏறுவேன்.

போன வாரம் போனபோது, என் சீட்டு கிழிந்துவிட்டதென்று நர்ஸ் புதுசு எழுதினாள். பெயர், வயது, சொந்த ஊர். கோத்தகிரி என்று எழுதப் போனாள். "அட்டனையும் எழுதுங்க" என்றேன்.

"ஒரு ஊருக்குத்தானுங்க எடம் இருக்குது."

"பொடிசா எழுதுங்க."

முறைத்தாள். நான் நகரவில்லை. எழுதினாள்.

சுமதி, பேனாவை வை. முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி, எதையும் நல்லபடியாக மாற்றி வைத்திருக்கிறாயா என்று பார்க்கிறேன். இரண்டு ஊர் பெயரும் வருகிற இடத்தைச் சத்தமாக வாசி.