மீன்குழம்பு பட்ட வரைபடம்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மா பிறந்த ஊரின் மேல் மாமா மீன்குழம்பைக் கொட்டினார். சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். அன்று நானும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

அப்போது நாங்கள் குவைத்தில், மங்காஃபில் இருந்தோம். நாகர்கோவிலில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்ததென்று அப்பா லீவில் கொண்டுவந்த வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே வரைபடம் பீரோவுக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கும். மலைக்குப் பழுப்புக் கோடுகள், ஆற்றுக்கு நீலம். ஆறு வளைகிற இடத்தில் எறும்பளவு எழுத்தில் அம்மாவின் ஊர். அவள் சிறுமியாக இருந்தபோதே அந்த ஊர் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் தம்பியான மாமா பிறந்தது அதற்குப் பிறகு, அரசாங்கம் கொடுத்த காலனி வீட்டில். டூட்டி இல்லாத நாட்களில் அம்மா வரைபடத்தை விரித்து, "இந்தச் சிலுவைதான் எங்க கோயிலு. இதுக்க பொறத்தால எங்க வீடு" என்பாள். எனக்குக் கொட்டாவி வரும்.

அங்கே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆனால் அன்றும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி, அப்பாவுக்கு சைட்டில் வேலை. கம்பெனி ஆட்கள் தங்கும் காம்ப்பிலிருந்து மீனோடு வந்த மாமா தானே சமைத்தார். காம்ப்பில் தட்டெல்லாம் கிடையாது. தரையில் பேப்பரை விரித்து, சோற்றைக் கொட்டிக் குழம்பை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து ஒரே குவியலில் கை வைப்பார்கள். முடிந்ததும் முள்ளோடு சுருட்டிக் குப்பையில் போட்டால் கலாஸ், வேலை முடிந்தது. எங்கள் வீட்டிலோ பேப்பர் வாங்குவதில்லை. நான் கை கழுவி வருவதற்குள் மாமா பீரோவின் பின்னால் துழாவி எதையோ விரித்து வைத்திருந்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. வரைபடத்தின் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நல்ல கட்டிப் பேப்பராக்கும். சாப்பிடு மக்ளே" என்றார்.

அம்மா வந்து குப்பைக்கூடையில் அதைக் கண்டாள். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, புண்ணைத் துடைப்பது போல ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மற்ற இடமெல்லாம் மஞ்சள் கறையோடு தப்பித்தது. குவியல் இருந்த ஆற்று வளைவில் மட்டும் தாள் நைந்து, ஊர் பஞ்சோடு வந்துவிட்டது.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "வேற ஒண்ணு வாங்கித் தாறேன்க்கா."

"எங்க கிட்டும்டே?" என்றாள் அம்மா. அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

எப்படியாவது அதைச் சரிசெய்துவிட வேண்டுமென்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஓட்டைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டினேன். அங்கே என்ன எழுதியிருந்தது என்று ஞாபகம் வரவில்லை. கொட்டாவி விட்டவளுக்கு எப்படி வரும்? பக்கத்தில் ஆறு ஓடியது. அதனால் நீலக் கிரேயானை எடுத்து அழுத்தி அழுத்தித் தீட்டினேன். அணைத் தண்ணீர் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அம்மா ஈரத்தலையோடு வந்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு மக்ளே" என்று என் தலையைத் தடவினாள். அவள் துண்டால் முகத்தைத் துடைத்தபோது, தலையிலிருந்து வழிந்த தண்ணீர் என்று நினைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. அதையும் நீலமாக்கினேன்.