நாவல்னு போட்டுக்கலாம்

நடந்ததைப் புத்தகமாக எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம், எத்தனை பக்கம் இருக்கலாம் என்று. அதெல்லாம் அப்புறம். அட்டையில் என்ன போடப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள் என்பேன். பட்டவள் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. பக்கத்தில் பிரஸ் மெஷினில் தகடு வெட்டிக்கொண்டிருந்த, அஞ்செட்டி ஊர்க்கார அக்காவுக்கு ஒருநாள் வலது கையில் இரண்டு விரல் போனது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசரே கழற்றிப் போட்டிருந்தார். கம்பெனி ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தொழிலாளியின் கவனக்குறைவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பேசியதை டேப்பில் பதிந்தேன். அவள் ஒருத்தி சொன்னால் போதாதென்று, அதே ஷிப்டில் நின்ற கன்னடக்காரப் பெண்ணிடமும் மெக்கானிக்கிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒத்துப்போனதை மட்டும் எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சோம்பல் பட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன்.

பதிப்பாளர் பிரமாதம் என்றார். சில மாதம் கழித்து அட்டையின் மாதிரி வந்தது. தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘நாவல்’. பதறிப்போய்ப் போன் செய்தேன்.

“நாவல்னு போட்டுக்கலாம்மா. வழக்கு கிழக்குன்னு எவனும் வரமாட்டான். உள்ள ஒரு எழுத்து மாத்தல, உங்களுக்கு என்ன நஷ்டம்?”

எனக்கு என்ன நஷ்டமாம்! விரலைக் கொடுத்தவளை ஒரு வார்த்தை கேட்க அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. நாவல் எழுதுகிறவர்கள் நன்றாக எழுதட்டும், எனக்கென்ன விரோதம்? நான் எழுதியது அதில்லையே. ஆனாலும் புத்தகம் எப்படியாவது வந்தால் போதும் என்ற நப்பாசை மனதின் ஓரத்தில் இருந்தது. ஊரோடு போய்விட்ட அக்காவைப் பார்க்க, கிடைத்த பஸ்ஸில் அஞ்செட்டிக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அட்டையை இடது கையால் வாங்கிப் பார்த்தாள். நாவல் என்றால் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதை மாதிரிதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அப்ப நாம சொன்னது கதை. கம்பெனிக்காரங்க எழுதி வெச்சிருக்கறது நெசம். அப்படித்தானே ஆவும்?”

மறுநாளே பதிப்பாளரிடம் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிழைக்கத் தெரியாதவள் என்றார். இருந்துவிட்டுப் போகிறேன்.

கிருஷ்ணகிரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் நாங்களே புத்தகத்தைப் போட்டோம். மட்டமான தாள்தான். தலைப்புக்குக் கீழே ‘நடந்தது’ என்று போடச் சொன்னேன். நான் விசாரித்தது தெரிந்து, அதற்குள் எனக்கு அந்தக் கம்பெனி வேலையும் போயிருந்தது. போகட்டும்.

முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். உள்ளே புரட்டவில்லை. அட்டையை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறினாள். கம்பெனி கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் புத்தகத்தை நீட்டினாள்.

“மேனேஜர்கிட்ட குடுப்பா. எம் பேரச் சொல்லியே குடு.”